முந்திரிகை ஆராய்ச்சியா, உளச்சிகிச்சையா? விசுவமடுவிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி:

வணக்கம் சேர். விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள விவசாய பீடத்தில் படித்து முடித்துவிட்டேன். அப்பா அரை ஏக்கரில் முந்திரிகைப் (திராட்சை) பந்தல் போட்டிருக்கிறார், இஸ்ரேல் புளூ இனம். ஒவ்வொரு மாரிக்கும் இலையில் மஞ்சள் விழுந்து, கீழ்ப்பக்கம் வெள்ளையாகப் பூத்து, பிஞ்சுக் குலையும் சேர்ந்து கொட்டுகிறது. முந்திரிகையின் நோயெதிர்ப்பு மரபணுக்கள் பற்றி முதுதத்துவமாணி ஆய்வு செய்ய ஓர் இடம் கிடைக்கும் போல இருக்கிறது. ஆனால் மனம் இன்னொரு பக்கமும் இழுக்கிறது. 2009இல் அண்ணாவை இழந்த பிறகு அம்மா சில வருடம் யாரோடும் கதைக்காமலே இருந்தா. ஓர் உளவளத்துணை அக்கா கிழமைக்கு ஒருதரம் வீட்டுக்கு வந்து போகத் தொடங்கிய பிறகுதான் மெல்ல மெல்ல எழும்பினா. அதைப் பார்த்ததில் இருந்து உளச்சிகிச்சையைப் பற்றி ஆராய வேண்டும் என்று ஆசை. இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி உண்டா? எங்கள் சனத்துக்கு எது உண்மையில் உதவும்? அம்மாவுக்கு வந்தது மரபணு வழியாக எனக்கும் வருமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

அன்பின் தங்கச்சி,

நான் செடிநோயியல் படிப்பிக்கிறவன். உளச்சிகிச்சை என் தொழில் இல்லை. ஆய்வுமுறை வகுப்பும் எடுப்பதால் மருத்துவ, உளவியல் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களை வாசித்துக் கருத்துச் சொல்லும் வேலை அடிக்கடி என்னிடம் வருகிறது. அந்த எல்லைக்குள் நின்று எழுதுகிறேன்.

முதலில் பந்தல். மாரி உங்கள் முடிவுக்காகக் காத்திருக்காது.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் டவுனி மில்டியூ என்ற இலைநோயின் அடையாளங்கள். ஆனாலும் பெயர் வைக்க முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மஞ்சள் விழுந்த இலை இரண்டு மூன்றைப் பின்னேரம் பறித்து, கீழ்ப்பக்கம் மேலே தெரியும்படி ஈரமான கடதாசியில் வைத்து, ஒரு சொப்பிங் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். காலையில் அந்த மஞ்சள் புள்ளிக்கு நேர் கீழே மட்டும் வெண்மையாகப் பூத்திருந்தால் அது டவுனி மில்டியூதான். இந்தக் கிருமி இருட்டிலும் நிறை ஈரப்பதனிலும்தான் வித்திகளை வெளியே விடும். பவுடரி மில்டியூ என்ற மற்ற நோய் என்றால் இலையின் இரண்டு பக்கமும் சாம்பல் பூசினது போல இருக்கும், விரலால் தேய்த்தால் கையோடு வரும், அதற்கு மழையும் தேவையில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. பவுடரிக்குக் கந்தகம் கேட்கும், டவுனிக்குக் கேட்காது. ஆனபடியால் இந்த ஓர் இரவுச் சோதனை அப்பாவின் காசை மிச்சம் பிடிக்கும்.

டவுனிதான் என்றால், கவ்வாத்தின் திகதியைத் திரும்ப யோசிக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து முந்திரிகை கவ்வாத்துக்குத்தான் கட்டுப்படும். வெட்டினால் துளிர்த்துப் பூக்கும், மூன்று நான்கு மாதத்தில் குலை பழுக்கும். ஒக்ரோபர் தொடங்கி டிசம்பர் வரையான மழைக்குள் பூவும் பிஞ்சும் அகப்படுகிற மாதிரி வெட்டினால் எந்த மருந்தும் முழுதாகக் காப்பாற்றாது. விழுந்த இலையை அள்ளிப் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். அதற்குள்தான் கிருமியின் தடித்த வித்திகள் அடுத்த மழைவரை உயிரோடு கிடக்கும். பந்தலில் இலை அடர்ந்த இடங்களை வெளிச்சம் நிலத்தில் விழும் அளவுக்குத் திறந்து விடுங்கள்.

மழைக்கு முன் போர்டோக் கலவை அடிக்கலாம். மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) ஒரு கிலோ, நீற்றாத சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லீற்றர். இரண்டையும் பாதிப் பாதித் தண்ணீரில் தனித்தனியே கரைத்து, துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது, பிளாஸ்ரிக் பீப்பா போதும். கலந்த பிறகு துலக்கிய இரும்புக் கத்தியை அதற்குள் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது, அப்படியே அடித்தால் இலை கருகும். பூத்திருக்கும் நேரத்தில் அடிக்க வேண்டாம். வருடக் கணக்கில் அடித்துக்கொண்டே போனால் செம்பு மண்ணில் தங்கிவிடும் என்பதையும் மனதில் வைத்திருங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிவந்து ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். முழுப் பந்தலுக்கும் அடிக்க வேண்டாம். சில கொடிகளைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்து அடிக்காமல் விடுங்கள். அப்பா சம்மதிக்க மாட்டார், எனக்குத் தெரியும். ஓரத்தில் நாலு கொடியாவது என்று கெஞ்சிக் கேளுங்கள். ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அந்த அடிக்காத கொடிகளில்தான் தொடங்குகிறது.

போர்டோக் கலவை எப்படி வந்தது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள், ஆனால் கதையின் முக்கியமான பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. டவுனி மில்டியூ வட அமெரிக்காவின் கிருமி. 1878இல் பிரான்சில் தென்பட்டுச் சில வருடங்களிலேயே தோட்டங்களை மொட்டையாக்கியது. போர்டோவில் தாவரவியல் பேராசிரியராக இருந்த மியார்தே 1882இல் மெடொக் பகுதி வழியே போனபோது, எங்கும் இலை கொட்டிக் கிடக்க, தெருவோரத்துக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் கண்டார். போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறிக்காமல் இருப்பதற்காகத் தோட்டக்காரர்கள் தெருவோர வரிசைகளில் மட்டும் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். உள்வரிசைகளுக்குத் தெளிக்கவில்லை. ஒரே மண், ஒரே மழை, ஒரே இனம், தெளித்தது ஒரு பக்கம், தெளிக்காதது மறுபக்கம். எல்லா வரிசைக்கும் தெளித்திருந்தால் அந்த வருடம் நோய் குறைவு என்று நினைத்துக்கொண்டு அவர் தன்பாட்டில் போயிருப்பார். தானாக அமைந்த ஓர் ஒப்பீட்டை மியார்தே கண்டுபிடித்துக்கொண்டார், சோதித்தார், 1885இல் வெளியிட்டார்.

இப்படி எதேச்சையாக அமைவதை வேண்டுமென்றே அமைக்கக் கற்றுக்கொடுத்ததும் விவசாயம்தான். 1919இல் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் பிஷர், எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதை ஆராய்ச்சியாளர் தெரிவு செய்யக் கூடாது, குலுக்கல்தான் தெரிவு செய்ய வேண்டும் என்று நிறுவினார். நீங்கள் பீடத்தில் படித்த ஆர்.சி.பி.டி., அதாவது பாத்திகளைத் தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்குள்ளும் குலுக்கிப் போடும் பரிசோதனை அமைப்பு, அங்கிருந்து வந்தது. மருத்துவம் அதைப் பின்னர்தான் எடுத்துக்கொண்டது. 1948இல் வெளியான காசநோய்க்கான ஸ்ரெப்ரோமைசின் பரிசோதனை அதன் முதல் பெரிய அடையாளம். உளச்சிகிச்சை இன்னும் பிந்தி வந்தது. 1952இல் ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர், சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களை விட அதிகம் குணமாகிறார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு அந்தத் துறையையே உலுக்கினார். 1977இல் ஸ்மித், கிளாஸ் என்ற இருவர் 375 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்து, சிகிச்சை பெற்றவர்கள்தான் தெளிவாகக் கூட முன்னேறுகிறார்கள் என்று காட்டினார்கள்.

ஆகவே தங்கச்சி, உங்கள் மனம் இழுபடும் இரண்டு பக்கமும் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தூரத்தில் இல்லை. இரண்டிலும் ஒரே கேள்விதான்: நான் செய்ததால் நலமானதா, செய்யாவிட்டாலும் நலமாகியிருக்குமா?

இந்தக் கேள்வி எங்கள் மண்ணுக்கு ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2009இல் வெளியான ஒன்று, வடகிழக்கில் யுத்தத்தாலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட 31 பிள்ளைகளோடு செய்தது. குலுக்கல் முறையில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குத் தங்கள் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக் கோத்தெடுக்கும் சிகிச்சை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதத்துக்குப் பின் பார்த்தால் முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவது குழுவில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஒன்றுமே கொடுக்காத மூன்றாவது குழு அதில் இல்லை. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் காலப்போக்கில், குடும்பத்தின் அரவணைப்பில், தாங்களாகவே தேறியிருப்பார்கள் என்பதை அந்த ஆய்விலிருந்து சொல்ல முடியாது.

2012இல் வெளியான மற்றது பெரியது. வட இலங்கைப் பாடசாலைகளில் 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகள். குலுக்கலில் வந்த பாடசாலைகளில் ஐந்து கிழமைக்குள் 15 அமர்வுகள். மற்றப் பாடசாலைகள் தங்கள் முறைக்குக் காத்திருந்தன. மனவடு அறிகுறிகளிலும் மனச்சோர்விலும் மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. சில பிள்ளைகளுக்குச் சில விடயங்களில் பலன் இருந்தது. ஆனால் பெண்பிள்ளைகளில், மனவடு அறிகுறிகள் கூடக் குறைந்தது சிகிச்சை பெற்றவர்களுக்கு இல்லை, காத்திருந்தவர்களுக்கு. இதை நான் முதலில் வாசித்தபோது பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல மனதோடு, நல்ல பயிற்சியோடு செய்த ஒன்று சில பிள்ளைகள் தாங்களாகத் தேறுவதைத் தாமதப்படுத்தியிருக்கலாம். காத்திருந்த பாடசாலைகள் அந்த ஆய்வில் இல்லாவிட்டால், எல்லாப் பிள்ளைகளும் முன்னேறினார்கள் என்று அறிக்கை எழுதி, அதையே வன்னி முழுக்கக் கொண்டுபோயிருப்பார்கள். யுத்தத்துக்குப் பிறகு எங்கள் ஊர்களுக்கு எத்தனை திட்டங்கள் பதாகையோடு வந்து போயின! அவற்றில் எத்தனையை இப்படி ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று கேட்கும் ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்குள் இருந்து வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

உங்கள் அம்மாவுக்கு அந்த அக்கா உதவினாவா? உதவினா என்றுதான் நானும் நம்புகிறேன். எந்தச் சிகிச்சை முறையாக இருந்தாலும் அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் வேலை செய்கிறது என்று 1936இலேயே ரோசன்சுவைக் என்ற உளவியலாளர் எழுதினார். நம்பிக்கைக்குரிய ஒருவர், சொன்ன நாளில் தவறாமல் வந்து, அவசரப்படாமல் இருந்து கேட்பது அந்தப் பொதுவில் பெரிய பங்கு. கிழமைக்கு ஒருதரம் படலையைத் திறந்துகொண்டு ஓர் ஆள் வருவா என்பதே உங்கள் அம்மாவுக்கு ஒரு பிடிமானமாக இருந்திருக்கும். அதோடு பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களைப் பற்றி எழுதிய ஆய்வையும் தேடி வாசியுங்கள். காயம் தனி ஆளுக்குள் மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்துப்பட்டது என்று அதில் விரிவாகக் காட்டுகிறார். கோயில் திருவிழா திரும்பத் தொடங்கியது, அயலவர்கள் திரும்பி வந்தது, நீங்கள் பல்கலைக்கழகம் போனது, எல்லாம் அம்மாவின் எழுச்சியில் பங்குள்ளவை. ஒரே ஓர் அம்மாவை வைத்து இவற்றைப் பிரித்து அளக்க முடியாது. அளக்கவும் வேண்டாம்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள். அம்மாவை உங்கள் ஆய்வுக்குக் காரணமாக்குங்கள், ஆய்வுப்பொருளாக்காதீர்கள். உளச்சிகிச்சையை ஆராய விரும்புகிறவர் முதலில் அதைச் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பயிற்சி பெற்று, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் சில வருடம் மனிதர்களோடு இருந்து பழக வேண்டும். பிள்ளையைத் தொலைத்த ஒரு தாய் உங்கள் முன்னால் இருந்து கதை சொல்லும்போது உங்களுக்கு உங்கள் அண்ணாதான் நினைவுக்கு வருவார். அந்த நேரத்தில் அந்தத் தாயின் கதையை அவருடைய கதையாகவே கேட்க முடிய வேண்டும். இன்றைக்கு உங்களால் முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடிதத்தில் அண்ணாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பற்றி நீங்களும் யாரோடாவது கதைத்தீர்களா?

மரபணுப் பயத்துக்கு வருகிறேன். இதில் முந்திரிகையைப் படித்தவர்கள் தடுக்கி விழக்கூடிய ஒரு பள்ளம் இருக்கிறது. முந்திரிகையில் ஒரு மரபணு பெரிய வேலை செய்யும். மஸ்கடைன் என்ற அமெரிக்கக் கொடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ரன்1, ஆர்பிவி1 என்ற இரண்டு மரபணுக்களை 2013இல் அடையாளம் கண்டார்கள். ஒன்று பவுடரியையும் மற்றது டவுனியையும் எதிர்க்கும். இதைப் படித்துவிட்டு மனிதத் துயரத்துக்கும் அப்படி ஒரு மரபணு இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. மனச்சோர்வுக்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த 18 மரபணுக்களை 2019இல் மிகப் பெரிய தரவுத்தொகுதிகளில் சோதித்தபோது, எழுமாற்றாக எடுத்த மரபணுக்களை விட அவை ஒன்றும் கூடுதலாகச் சொல்லவில்லை. மரபுவழிப் பங்கு இருக்கிறது, ஆனால் அது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அதை வைத்து இந்தப் பிள்ளைக்கு வரும், வராது என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் அம்மாவின் துயரத்துக்குக் காரணம் தேட மரபணுவுக்குள் போக வேண்டியதும் இல்லை. என்ன நடந்தது என்று உங்கள் வீட்டுக்கே தெரியும். உங்களுக்கு நித்திரை குறைந்தால், ஒன்றிலும் மனம் பிடிக்காமல் கிழமைக்கணக்கில் போனால், கிளிநொச்சி அல்லது முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தொலைபேசியில் கதைக்க 1926 என்ற தேசிய இலக்கம் இருக்கிறது.

சரி, எதை எடுப்பது? ஒரே பட்டத்தில் இரண்டையும் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகும். என் அபிப்பிராயம், முந்திரிகையை எடுங்கள்.

அதற்காக, அப்பாவின் கையில் நோய் வராத ஓர் இனத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். முந்திரிகையின் மரபுத்தொகுதியை 2007இலேயே வாசித்துவிட்டார்கள், 19 சோடி நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 30,000 மரபணுக்கள். ஆனாலும் ஒரு புதிய இனம் தோட்டத்துக்கு வர 15 முதல் 25 வருடம் எடுக்கும். மஸ்கடைனில் 20 சோடி நிறமூர்த்தங்கள் என்பதால் கலப்பதே பெரும்பாடு. மரபணு அடையாளங்களை வைத்து நாற்றுப் பருவத்திலேயே தெரிந்தெடுக்கலாம் என்பதால் காலம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த எதிர்ப்பும் நிலைக்கும் என்றில்லை. ஐரோப்பாவில் பியாங்கா என்ற இனத்தில் இருந்த ஆர்பிவி3 என்ற எதிர்ப்பை மீறி வளரும் கிருமியை 2010இல் கண்டார்கள். ஒற்றை மரபணுவை நம்பாமல் இரண்டு மூன்றை ஒரே கொடியில் சேர்க்க வேண்டும் என்று இப்போது சொல்வது அதனால்தான்.

முதுதத்துவமாணிக் காலத்துக்குள் அடங்கக்கூடிய, ஆனால் எங்களுக்குத் தேவையான ஒரு கேள்வி இருக்கிறது. விசுவமடுவிலும் யாழ்ப்பாணத்திலும் பந்தல்களில் இருக்கும் கிருமி ஒன்றுதானா, வேறு வேறா? ஒவ்வொன்றும் எந்த இனத்தில் எப்படிப் பிடிக்கிறது? இங்கே எல்லாரும் தடியை வெட்டி நடுவதால் இஸ்ரேல் புளூப் பந்தல்கள் எல்லாம் மரபில் ஒரே கொடி மாதிரித்தான். ஒன்றை வெல்லத் தெரிந்த கிருமி எல்லாவற்றையும் வெல்லும். ஆகவே கிருமியை அறிந்துகொள்வதே முதல் வேலை.

அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க அதன் நாளாந்தத்தைச் சொல்கிறேன். டவுனிக் கிருமி உயிருள்ள இலையில் மட்டும்தான் வாழும், கிண்ணத்து ஊடகத்தில் வளராது. அதனால் கிழமைக்குக் கிழமை புது இலைக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொங்கலுக்கு வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் மாற்ற வேண்டும், விட்டால் செத்துவிடும். இலையிலிருந்து சின்ன வட்டத் துண்டுகள் வெட்டி, கீழ்ப்பக்கம் மேலாகக் கிண்ணத்தில் அடுக்கி, வித்தி கலந்த தண்ணீரில் ஒரு துளியை ஒவ்வொன்றின் நடுவிலும் விட்டு, ஐந்தாறு நாள் பொறுத்து, எவ்வளவு வெள்ளை பூத்தது என்று 1 முதல் 9 வரை புள்ளி போட வேண்டும். எந்தத் துண்டு எந்த இனம் என்று தெரியாமல் போட வேண்டும், தெரிந்தால் கண் பாரபட்சம் காட்டும். நூற்றுக்கணக்கான துண்டுகள். உங்களுக்கு இதை நினைக்கும்போது கை துடித்தால் போங்கள். அலுப்பாக இருந்தால் இப்போதே விடுங்கள், ஒருவரும் உங்களைக் கோபிக்கப் போவதில்லை.

உளவளத்துணைப் பயிற்சியை இதன் பிறகு, அல்லது வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாகச் செய்யலாம். அப்போது குலுக்கல், ஒப்பீட்டுக் குழு, தெரியாமல் புள்ளி போடுதல் எல்லாம் உங்கள் கைப்பழக்கமாகியிருக்கும், அந்தத் துறைக்கு எங்கள் பக்கத்தில் அது நிறையத் தேவைப்படுகிறது. ஒரு வித்தியாசத்தை மட்டும் விட்டுவிட முடியாது. கொடியை மருந்தடிக்காமல் விட்டால் பழம்தான் போகும், துயரத்தில் இருக்கும் ஆளை அப்படி விட முடியாது. அதனால்தான் அங்கே காத்திருப்போருக்கும் பின்னர் சிகிச்சை கொடுப்பதும், இடையில் யாராவது மோசமானால் உடனே கவனிப்பதும் விதியாக இருக்கிறது, அறநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்கவே முடியாது.

முதுதத்துவமாணி இடம் தருவதாகச் சொன்ன விரிவுரையாளரிடம் ஒப்புக்கொள்ள முன் மூன்று விடயம் கேளுங்கள். கிருமியை உயிரோடு வைத்திருக்கக் குளிரூட்டி அறையும் விடாத மின்சாரமும் இருக்கிறதா? மரபணுப் பகுப்பாய்வுக்கான பணம் இப்போதே கையில் இருக்கிறதா, இனித்தான் விண்ணப்பிக்க வேண்டுமா? முன்பு அவரிடம் படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? மூன்றாவதை அவரிடம் மட்டும் இல்லாமல் அந்தப் பழைய மாணவர்களிடமும் கேளுங்கள்.